மிச்சமாகும் என்று தெரிந்தும் மில்காரர்கள் ஏன் மோட்டாரை மாற்றுவதில்லை?

கேள்வி இதுதான்: "ஈரோடு மாவட்டக் கிராமம் ஒன்றில் அப்பா அரவை மில் நடத்துகிறார், கூடவே ஒரு எண்ணெய்ச் செக்கும் உண்டு. மோட்டார் எல்லாம் தாத்தா காலத்தது. புதிதாக வரும் திறன் கூடிய மோட்டாரைப் போட்டால் கரண்ட் பில் குறையும் என்று பல வருடமாகச் சொல்கிறேன், கேட்பதில்லை. எங்கள் பக்கத்து மில்காரர்கள் யாருமே கேட்பதில்லை. பணம் மிச்சமாகும் என்றால் ஏன் மாற மாட்டேன் என்கிறார்கள்? விழிப்புணர்வு இல்லாததுதான் காரணமா?"

விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். மின் சிக்கனம் பற்றிய கூட்டங்களில் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கிலோ மிளகாய் அரைத்தால் எவ்வளவு கூலி, ஒரு மூட்டை எள் ஆட்டினால் எத்தனை கிலோ எண்ணெய், எவ்வளவு புண்ணாக்கு என்று மனக்கணக்காகச் சொல்லும் மனிதருக்குக் கணக்கு தெரியாது என்று எப்படிச் சொல்வது? நீங்கள் அவரிடம் சொல்லும் கணக்கில்தான் சில எண்கள் விடுபட்டிருக்கின்றன. மில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, மோட்டார் மாற்ற எத்தனை நாள் மூட வேண்டும், புது மோட்டார் சரிவராவிட்டால் நஷ்டம் யார் தலையில். இந்த மூன்றையும் அவர் கணக்கில் சேர்க்கிறார். நாம் சேர்ப்பதில்லை.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். 10 ஹெச்.பி. மோட்டார் ஒன்று, அதாவது 7.5 கிலோவாட். மோட்டார்களை அவற்றின் திறனை வைத்து ஐஇ1, ஐஇ2, ஐஇ3 என்று தரம் பிரித்திருக்கிறார்கள், எண் கூடக் கூடத் திறன் கூடும். நான்கு துருவ மோட்டாரில் இந்த அளவுக்கு ஐஇ1 தரத்தின் திறன் 86 சதவீதம், ஐஇ2 என்றால் 88.7, ஐஇ3 என்றால் 90.4. உங்கள் தாத்தா காலத்து மோட்டார் பலமுறை காயில் கட்டப்பட்டு (எரிந்த செம்புக் கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது) இப்போது 83 சதவீதத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரைக்கும்போது தண்டில் 6 கிலோவாட் சுமை இருந்தால், பழையது 7.2 கிலோவாட் இழுக்கும், ஐஇ3 6.6 இழுக்கும். மணிக்கு ஏறத்தாழ 0.6 யூனிட் வித்தியாசம்.

மில் தினம் பத்து மணி நேரம், வருடத்தில் 300 நாள் முழுச் சுமையில் ஓடினால் 1,800 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருடம் 14,400 ரூபாய். மோட்டார் விலையை 35,000 என்று வைத்துக்கொண்டால் இரண்டரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இந்தக் கணக்கைத்தான் எல்லா விளக்கப் புத்தகங்களிலும் போடுகிறார்கள். ஆனால் கிராமத்து அரவை மில் பத்து மணி நேரம் ஓடுவதில்லை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், ஆக உண்மையாக மாவு விழும் நேரம் இரண்டு மணி நேரம் என்றால், மிச்சம் வருடத்துக்கு 360 யூனிட். 2,880 ரூபாய். போட்ட பணம் திரும்ப 12 வருடம் ஆகும். உங்கள் அப்பா இதைப் பேப்பரில் போட்டுப் பார்க்காமலே உணர்ந்திருக்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்குவது அவர் மில்லுக்குக் கட்டாது என்றால் அவர் சொல்வது சரி.

அதே கணக்கு மோட்டார் எரிந்துபோன நாளில் மாறிவிடும். அன்றைக்குக் காயில் கட்ட எப்படியும் ஒரு தொகை செலவாகும். அதை 9,000 என்று வைத்தால், புது மோட்டாருக்குக் கூடுதலாகப் போடுவது 26,000 மட்டும். நாள் முழுக்க ஓடும் செக்கு என்றால் இரண்டு வருடத்துக்குள் வசூல். நான்கைந்து மணி நேரம் ஓடும் மில்லுக்கும் யோசித்துப் பார்க்கலாம் என்கிற நிலை வருகிறது. ஆகவே ஒரு சிறு மில்லில் மின் சிக்கனம் பற்றிய முடிவு எடுக்கப்படும் நாள், மோட்டார் எரியும் நாள்தான். கருத்தரங்கு நடக்கும் நாளிலோ, தணிக்கையாளர் வரும் நாளிலோ அந்த முடிவு எடுக்கப்படுவதில்லை.

அந்த நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது தீபாவளிக்கு முந்தைய வாரமாகவோ, மிளகாய் காய்ந்து வரும் பங்குனி, சித்திரையாகவோ இருக்கும். ஏனென்றால் அப்போதுதான் மோட்டார் மூச்சுவிடாமல் ஓடும். வாசலில் முறுக்கு மாவுக்கு அரிசித் தூக்குகள் வரிசையாக இருக்கும்போது உள்ளே வார்னிஷ் கருகும் வாடை வரும். அப்பா என்ன செய்வார்? மோட்டாரைக் கழற்றி டெம்போவில் ஏற்றிப் பக்கத்து டவுனில் காயில் கட்டும் கடைக்கு அனுப்புவார். "நாளைக்குச் சாயங்காலம் தரேண்ணா" என்று கடைக்காரர் சொல்வார், தந்தும் விடுவார். மோட்டார் கடையில் விசாரித்தால் ஐஇ3 மோட்டார் ஸ்டாக் இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டும் என்பார்கள். வந்தாலும் பழைய மோட்டாரின் கால் துளைகளும் தண்டின் உயரமும் இதற்குப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் அடித்தளக் கட்டையை மாற்ற வேண்டும், புல்லியைக் கடைய வேண்டும். அதற்குள் தூக்குகள் எல்லாம் அடுத்த ஊர் மில்லுக்குப் போய்விடும். ஒருமுறை போன வாடிக்கை திரும்பி வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? மோட்டாருக்கும் பம்ப்புக்கும் பேர்போன கோயம்புத்தூர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், பண்டிகை வாரத்தில் நல்ல மோட்டார் ஒன்று மறுநாளே கைக்கு வராது என்பதுதான் நடைமுறை.

அப்படியானால் உங்கள் பகுதியின் சிறு தொழில்களில் மின்சாரம் வீணாகுமா, மிச்சமாகுமா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? காயில் கட்டும் கடைக்காரர். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், எந்தத் திட்டமும் அவரைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

அவர் கடையில் நடப்பதைப் பார்த்தால் விஷயம் புரியும். எரிந்த காயிலைச் சும்மா இழுத்தால் வராது, வார்னிஷில் இறுகிப் போயிருக்கும். ஒரு பக்க முனையை வெட்டிவிட்டு, ஸ்டேட்டரை விறகிலோ கேஸ் தீயிலோ சுட்டு, வார்னிஷை எரித்த பிறகு செம்பைப் பிடுங்குவார்கள். ஸ்டேட்டர் என்பது மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கு. ஸ்டாம்பிங் என்பார்கள். ஒவ்வொரு தகட்டின் மேலும் மெல்லிய காப்புப் பூச்சு உண்டு, தகடு விட்டுத் தகடு மின்னோட்டம் பாயாமல் தடுப்பது அதுதான். சுமார் 370 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் சூடாக்கினால் அந்தப் பூச்சு தப்பும். திறந்த தீயில் யார் அளந்து பார்க்கிறார்கள்? பூச்சு போய்விட்டால் தகடுகளுக்குள் சுழல் மின்னோட்டம் ஓடி, மோட்டார் எப்போது ஓடினாலும், சுமையே இல்லாவிட்டாலும், இரும்பு தானாகச் சூடாகிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக்கும் உங்கள் அப்பாதான் பில் கட்டுகிறார்.

அடுத்தது கம்பி. பழைய கேஜ், அதாவது அதே தடிமன் கம்பி, கையிருப்பில் இல்லை என்றால் ஒரு நம்பர் மெல்லிய கம்பி. சுற்று எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்தால் வேலை சீக்கிரம் முடியும், செம்பும் மிச்சம். மெல்லிய கம்பி கூடுதலாகச் சூடாகும். சுற்று குறைந்தால் சுமையில்லாதபோதும் ஆம்பியர் ஏறும். வார்னிஷ் ஊற்றி அடுப்பில் வைத்துக் காயவிட வேண்டியதை, அவசரத்தில் உள்ளே குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். மோட்டார் ஓடும், மில் ஓடும், எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். யூனிட் மட்டும் முன்பைவிடக் கூடப் போகும்.

இது கடைக்காரரின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே வேண்டும், குறைந்த விலையில் வேண்டும் என்று கேட்டது நாம். திறனைக் காப்பாற்றிக் காயில் கட்ட முடியும். அளவான சூட்டில் எடுத்து, அதே கேஜ், அதே சுற்று, நல்ல பேரிங் என்று செய்தால் திறன் அனேகமாகக் குறைவதே இல்லை. அப்படிக் கட்டியதற்கும் இப்படிக் கட்டியதற்கும் வித்தியாசம் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. கண்ணுக்குத் தெரியாத நல்ல வேலைக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாக யாரும் தர மாட்டார்கள், யாரும் தராததால் கடைக்காரரும் அதைச் செய்யப் பழகவில்லை.

கண்ணுக்குத் தெரியாதது என்றேன், அது மோட்டாரோடு நிற்பதில்லை. சிறிய இணைப்புகளுக்கு கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரே தொகையாக வருகிறது. அதில் தீபாவளி அரவை இருக்கிறது, மழையில் மில் சும்மா கிடந்த நாட்கள் இருக்கின்றன, கட்டண உயர்வு இருக்கிறது, சில இடங்களில் பக்கத்தில் போட்ட டீக்கடையின் விளக்கும் ஃப்ரிட்ஜும் இருக்கின்றன. பில் கூடினால் வியாபாரம் கூடியதாலா, விலை ஏறியதாலா, மோட்டார் கெட்டதாலா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பெல்ட் மாற்றி நூறு யூனிட் மிச்சப்படுத்தினாலும், அந்த மாதம் எள் வரத்து அதிகமாக இருந்தால் பில் ஏறித்தான் வரும். "மாத்தியும் ஒண்ணும் குறையலையே" என்பார் அப்பா. அவரைப் பொறுத்தவரை அவர் கண்டது உண்மை.

சரி, பெரிய மோட்டார் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். ஏழரை ஹெச்.பி. போதுமான இயந்திரத்துக்குப் பத்து ஹெச்.பி. போட்டிருப்பதைக் கிராமங்களில் நிறையப் பார்க்கலாம். வெளியிலிருந்து வரும் பொறியாளர் இதை வீண் என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் மில்லில் சாயங்கால நேரம் மீட்டர் வைத்துப் பாருங்கள். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 360 வரும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 360 வோல்ட்டில் அது முக்கால் பங்காகிவிடும். கல்லுக்குள் தானியம் இருக்கும்போது மோட்டார் திணறி நின்றுவிட்டால், கல்லைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், சில நேரம் காயிலும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் பெரிய மோட்டார். சுமைக்கு மீறிய மோட்டார் திறன் குறைவாக ஓடுவது உண்மை, ஆனால் அதற்கு மூலம் மில்லுக்குள் இல்லை, கம்பத்தில் இருக்கிறது. குறைந்த வோல்டேஜில் ஆம்பியர் ஏறும், சூடு ஏறும். காயிலின் சூடு பத்து டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மின்துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் அடிக்கடி எரியும். அடிக்கடி எரிவதால் அடிக்கடி காயில் கட்டுவார்கள், அதனால் திறன் இன்னும் குறையும். இந்தச் சங்கிலியை மில்காரர் ஒருவர் தன் பணத்தில் அறுக்க முடியாது. லைன் வலுப்படுத்துவதும், டிரான்ஸ்பார்மரைப் பக்கத்தில் கொண்டுவருவதும், மூன்று ஃபேஸிலும் சுமையைச் சமமாகப் பிரிப்பதும் மின்வாரியத்தின் வேலை. சிறு தொழிலின் மின் சிக்கனம் பற்றிப் பேசும்போது இந்தப் பாதியை விட்டுவிட்டு மில்காரருக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை.

அனுமதிக்கப்பட்ட சுமையைக் குறைத்து எழுதிக் கொடுத்து நிலைக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாமே என்று கேட்பார்கள். குறைக்கலாம்தான். ஆனால் நாளைக்குப் பையன் இன்னொரு இயந்திரம் போட வேண்டும் என்றால் திரும்ப விண்ணப்பம், திரும்பக் கட்டணம், திரும்ப ஈபி ஆபீஸ் அலைச்சல். கையில் இருக்கும் லோடை யாரும் விட மாட்டார்கள்.

புது மோட்டார் வாங்கியவர்களுக்கும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது, இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. ஐஇ3 மோட்டார்கள் கிளம்பும்போது பழையதைவிடக் கூடுதலாக ஆம்பியர் இழுக்கக்கூடியவை. பழைய ஸ்டார்ட்டரையும் பழைய ஃபியூஸையும் அப்படியே வைத்தால் கிளம்பும்போதே டிரிப் ஆகலாம். உடனே எலக்ட்ரீஷியன் "இந்த மோட்டார் நம்ம ஊருக்கு ஒத்துவராதுண்ணே" என்பார். ஸ்டார்ட்டரைச் சரியான அளவுக்கு மாற்றினால் தீர்ந்துபோகும் விஷயம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் சந்தை நாளில் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தால், சுற்று வட்டாரத்தில் பத்து வருடத்துக்கு ஐஇ3 வாங்க ஆள் இருக்காது. சிறு ஊர்களில் நம்பிக்கை இப்படித்தான் உருவாகிறது, இப்படித்தான் உடைகிறது. ப்ளக்கில் சொருகினால் கரண்ட் மிச்சமாகும் என்று விற்கப்படும் சின்னப் பெட்டிகளையும் இதோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரு சிறு கெபாசிட்டரும் ஒரு விளக்கும்தான். வீட்டு மீட்டரும் சிறு மில்லின் மீட்டரும் யூனிட்டைத்தான் எண்ணுகின்றன, அந்தப் பெட்டியால் அது குறையாது. ஒருமுறை அதில் ஏமாந்தவர், அடுத்த முறை நீங்கள் உண்மையான யோசனையோடு போனாலும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (மோட்டார் பக்கத்தில் போடும் கெபாசிட்டர் வேறு விஷயம். அது கம்பியில் ஓடும் ஆம்பியரைக் குறைக்கும், வோல்டேஜையும் கொஞ்சம் தாங்கும், அது இருக்க வேண்டும்.)

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2001ல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே பி.இ.இ. என்ற எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. ஆனால் சட்டப்படி கட்டாயத் தணிக்கை எல்லாம் பெரிய ஆலைகளுக்குத்தான். சிறு தொழில்களுக்காக 2025ல் பி.இ.இ. 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது, அடீட்டி என்பது சுருக்கப் பெயர். திறன் கூடிய இயந்திரம் வாங்கும் கடனுக்குக் குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5 சதவீதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதம் மானியம். குறைந்தது 10 சதவீத மின் மிச்சம் காட்ட வேண்டும். தமிழக அரசின் சிறுதொழில் துறையும் மாவட்டத் தொழில் மையம் வழியாக மின் தணிக்கைச் செலவிலும் இயந்திரச் செலவிலும் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. நல்ல எண்ணத்தில் வந்த திட்டங்கள்தான். நெசவு ஆலைக்கும் ஃபவுண்டரிக்கும் இவை பயன்படும்.

உங்கள் அப்பாவுக்கு ஏன் எட்டவில்லை என்று பாருங்கள். மில் சர்வீஸ் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். கட்டடமும் இடமும் பாகப் பிரிவினை ஆகாமல் அப்பா, சித்தப்பா, அத்தை என்று கூட்டாக இருக்கும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு எடுத்திருந்தால் அது மகன் பெயரில் இருக்கும். மூன்று காகிதத்தில் மூன்று பெயர். மானியம் என்றால் முதலில் சொந்தப் பணத்தைப் போட வேண்டும், அப்புறம் பில்லும் தணிக்கை அறிக்கையும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும், பணம் எப்போது வரும் என்பது மில்காரர் கையில் இல்லை. தணிக்கையாளருக்கு ஈரோட்டிலிருந்து கிராமத்துக்கு வந்து போக ஒரு நாள் ஆகிறது. பெரிய ஆலையில் ஒரு நாள் பார்த்தால் லட்சக்கணக்கில் மிச்சம் காட்டலாம், இங்கே அவர் கண்டுபிடித்துத் தரும் மிச்சம் அவர் கட்டணத்தைக்கூட ஈடு செய்யாது. அறிக்கையும் ஆங்கிலத்தில் வரும். வங்கிக்குப் போனால், கூடுதல் வருமானம் தரும் இயந்திரத்துக்குக் கடன் கேட்டால் புரிந்துகொள்வார்கள், செலவு குறையும் என்று சொல்லிக் கடன் கேட்டால் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது. கடைசியில் வீட்டுப் பெண்கள் நகைதான் அடமானத்துக்குப் போகிறது. அப்படி வந்த பணத்தில் மோட்டாரை மாற்றுவாரா, புதிதாக ஒரு மிளகாய் இயந்திரம் போடுவாரா? நானாக இருந்தாலும் மிளகாய் இயந்திரம்தான் போடுவேன்.

மில்லை வாடகைக்கு நடத்துபவர்கள் நிலை இன்னும் தெளிவு. மோட்டார் கட்டட உரிமையாளருடையது, பில் நடத்துபவருடையது. இவர் மாற்றினால் பலன் ஒப்பந்தம் முடியும் வரைதான், அவர் மாற்றினால் பலன் இவருக்கு. இருவருமே மாற்றுவதில்லை.

எல்.இ.டி. பல்பு மட்டும் எப்படி ஊர் ஊராகப் போனது என்று யோசித்தால் மற்றது ஏன் போகவில்லை என்பது விளங்கும். 2015ல் குறைந்த விலையில் எல்.இ.டி. பல்பு தரும் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததில் 2014ல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அதே ஹோல்டரில் பொருந்தியது, ஆள் வைத்து மாட்ட வேண்டியதில்லை, மில்லை மூட வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் நூறு ரூபாய்க்குள் நஷ்டம். மோட்டாரில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. விழிப்புணர்வு இரண்டுக்கும் ஒன்றுதான், மக்களும் அதே மக்கள்தான்.

மின்சாரத்தின் விலையும் ஒரு தடை, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் பக்கத்திலேயே சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் என்று விசைத்தறி ஊர்கள் இருக்கின்றன. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது, 2023ல் 1,000 ஆனது. அந்த வரம்புக்குள் ஓட்டுபவருக்கு மிச்சப்படுத்தும் யூனிட்டுக்குக் காசில்லை, அதனால் தறி மோட்டாரைப் பற்றி அவர் யோசிப்பதில்லை. இதைச் சொல்லி இலவச மின்சாரத்தை எடுத்துவிட வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கூலிக்கு நெய்பவரின் குடும்பத்தை அந்த 1,000 யூனிட்தான் தாங்குகிறது. மீட்டருக்காக அதில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மிச்சமாகும் இலவச யூனிட்டுக்கு ஒரு சிறு தொகையைத் திருப்பித் தந்தால் அதே குடும்பமே மோட்டாரைப் பற்றிக் கேட்கத் தொடங்கும்.

கவுந்தப்பாடி பக்கத்து வெல்லம் காய்ச்சும் ஆலைகளிலும் இதே கதைதான், அங்கே எரிபொருள் கரும்புச் சக்கை. ஆட்டிய கரும்பிலிருந்து வருவது, விலை கொடுத்து வாங்குவதில்லை. அடுப்பில் பாதிச் சூடு புகைபோக்கி வழியாகப் போனாலும் கவலை இல்லை, சக்கை போதாமல் வெளியிலிருந்து விறகு வாங்க நேரும் வரைக்கும்.

இப்போது உங்கள் மில்லுக்கு வருகிறேன். மோட்டாரை மாற்றுங்கள் என்று அப்பாவிடம் இனிமேல் சொல்லாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். தினமும் காலையில் திறக்கும்போதும் ராத்திரி மூடும்போதும் மீட்டர் ரீடிங், நடுவில் அரைத்த கிலோ. இவ்வளவுதான் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் உங்களுக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்ற எண் கிடைக்கும். அரைக்கும் பொருள் ஒரே மாதிரி இருக்கும் வரை, தீபாவளியானாலும் மழையானாலும் அந்த எண் பெரிதாக மாறாது. மாறினால் இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இரண்டு மாத பில் சொல்லாததை இந்த எண் சொல்லும், அப்பா நம்புவது போலவும் சொல்லும், ஏனென்றால் அவர் மொழியே கிலோதான்.

அதன் பிறகு காசு அதிகம் போகாத வேலைகளைத் தொடங்குங்கள். கல் தேய்ந்திருந்தால் கொத்தச் சொல்லுங்கள். தேய்ந்த கல்லில் அதே மாவுக்கு இரண்டு முறை அரைக்க வேண்டியிருக்கும், பல மில்களில் மோட்டாரைவிட இதில்தான் வீண் அதிகம். பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், ஓடி நிறுத்தியதும் கை வைக்க முடியாத சூடு என்றால் வழுக்குகிறது. புல்லி இரண்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். ஒரே நீள ஷாஃப்ட்டில் மிளகாய், மாவு, ரவை என்று மூன்று இயந்திரமும் மாட்டியிருந்தால், ஓடாத இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றிவிட ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த தூக்கு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்றால் மோட்டாரை நிறுத்தலாம். அடிக்கடி நிறுத்தினால் ஸ்டார்ட்டர் கெடும் என்று அப்பா சொல்வார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் அவர் சொல்வது சரிதான், கால் மணி நேர இடைவெளி என்றால் நிறுத்துவதே லாபம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து, நோட்டில் கிலோ எப்படி ஏறுகிறது என்று காட்டுங்கள்.

காயில் கட்டும் கடைக்காரரையும் போய்ப் பாருங்கள், மோட்டார் எரிவதற்கு முன்னாலேயே. மோட்டார் நல்ல நிலையில் இருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு, டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) வைத்து மூன்று ஃபேஸிலும் ஆம்பியரை அளந்து எழுதி வையுங்கள். கூடவே அந்த நேரத்து வோல்டேஜையும். சும்மா ஓடும்போது 5, 6 ஆம்பியர் எடுத்த மோட்டார் காயில் கட்டி வந்த பிறகு ஏறத்தாழ அதே வோல்டேஜில் 8 எடுத்தால், வேலை சரியில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். "இந்த அளவுக்குள்ள கொண்டு வந்தா ஆயிரம் ரூபா சேர்த்துத் தரோம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல வேலைக்காரர்கள் இதில் கௌரவம் பார்ப்பவர்கள். கம்பி கேஜையும் சுற்றையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

பெரிய செலவு என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று. உங்கள் பக்கத்தில் அதே 10 ஹெச்.பி. மோட்டார் வைத்திருக்கும் மூன்று நான்கு மில்காரர்கள் இருப்பார்கள். பண்டிகைக் காலத்துக்கு முன்னால் எல்லோரும் பங்கு போட்டு ஐஇ3 மோட்டார் ஒன்றை, சரியான ஸ்டார்ட்டரோடு, பொதுவாக வாங்கி வையுங்கள். ஒவ்வொரு மில்லின் கால் துளை அளவும் புல்லி அளவும் எடுத்து, அவை எல்லாவற்றிலும் உட்காரும்படி ஒரு இரும்புச் சட்டம் லேத் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். யாருடைய மோட்டார் எரிந்தாலும் அன்றைக்கே இது போய் உட்காரும், மில் நிற்காது, பழைய மோட்டாரை அவசரமில்லாமல் ஒரு வாரம் எடுத்து ஒழுங்காகக் காயில் கட்டலாம், அல்லது காயில் கட்டாமல் விட்டுவிட்டு, அந்த மில்காரரே மற்றவர்கள் பங்கைத் திருப்பித் தந்து புது மோட்டாரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் அடுத்த பொது மோட்டாரை வாங்கி வைக்க வேண்டியதுதான். அப்பா இதற்கு ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இதை அவரிடம் மின் சிக்கனம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தீபாவளிக்கு மில் நிற்காது என்று சொன்னால் போதும்.